இலை கட்டிய கதவு

எனக்குக் கொப்பளிப்பான் என்ற அம்மை வந்த கோடையில், ஸ்காபரோவில் வேப்பிலைக்கு எங்கே போவது என்று அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். அம்மாள் வந்திருக்கும் வீட்டு வாசலில் வேப்பிலை செருகாவிட்டால் அம்மாவுக்குச் சரிவராது. கடைசியில் சித்தப்பா கீழே போய் ஒரு மேப்பிள் கொத்தை முறித்து வந்தார்.

"கனடா அம்மாளுக்கு இது காணும் அண்ணி," என்று அதை எங்கள் அப்பார்ட்மென்ட் கதவில் கட்டினார்.

சித்தப்பா பகிடிக்காரர்தான். ஆனால் கதவு தட்டும் சத்தம் கேட்டால் முகம் வெளிறிவிடும். ஊரில் இராணுவம் அப்படித் தட்டித்தான் அவரைக் கொண்டுபோனது. அவருடைய அகதிக் கோரிக்கை இன்னும் முடிவாகவில்லை. இயக்கத்தில் இருந்தாரா, இந்த நாட்டுக்கு அவரால் ஆபத்து உண்டா என்று விசாரிக்க அரசாங்க ஆட்கள் வருவார்களாம். பயத்தில் எதையாவது உளறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதுதான் வீட்டின் கவலை.

அந்த வாரமே வந்தார்கள். கோட்டுப் போட்ட இரண்டு பேர், நெடுநெடுவென்று. தட்டியதும் சித்தப்பா குசினி மூலைக்குள் ஒதுங்கிவிட்டார். அம்மா சங்கிலியைக் கழற்றாமல் கதவை நீக்கினார். இடுக்கால் நானும் பார்த்தேன்.

அதற்குள் பக்கத்து வீட்டு அங்கிள் வெளியே வந்துவிட்டார். லாவோஸ் மலைகளிலிருந்து வந்த ஹ்மோங் இன மனிதர். வந்தவர்களின் தோளுக்கும் எட்டாத உயரம். இலை கட்டிய வீட்டுக்குள் வெளியார் போகக்கூடாது என்ற வழக்கம் ஹ்மோங் ஆட்களிடமும் உண்டென்று பிறகுதான் அறிந்தோம். இரண்டு கைகளையும் விரித்து எங்கள் கதவை மறித்து நின்றார்.

"நோ," என்றார். "லீஃப். சிக் சைல்ட். நோ கோ இன்."

அவர்கள் இலையைப் பார்த்தார்கள், என் கொப்பளங்களைப் பார்த்தார்கள். பிள்ளைக்குச் சுகமானதும் தமிழ் தெரிந்த ஒருவரோடு வருகிறோம் என்று சொல்லிப் போய்விட்டார்கள். அப்படி வந்தபோது சித்தப்பா நிதானமாகப் பதில் சொன்னார். இந்த நாட்டிலேயே தங்கியும்விட்டார்.

அன்று எனக்கு மலைப்பு அடங்கவேயில்லை. அரசாங்கத்தையே ஒரு கொத்து இலையால் நிறுத்திய மனிதர்! ஆனால் வந்தவர்கள் ஏறிய லிஃப்டின் கதவு மூடியதும் அங்கிள் அப்படியே தரையில் குந்திவிட்டார். சித்தப்பா வெளியே போய் அவர் பக்கத்தில் குந்தினார். இருவரும் அழுதார்கள்.

"வெண்ட ஆக்கள் ஏனம்மா அழுகினம்?" என்று கேட்டேன். வென்றது நாங்கள்தானே!

"வாயை மூடிக்கொண்டு உள்ள வா," என்றார் அம்மா.

போரில் தோற்ற பக்கத்தில் அவர்களில் பலர் நின்றார்கள் என்பதற்காக, ஹ்மோங் மக்களையே நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தானவர்கள் என்று லாவோஸ் அரசு முடிவுகட்டியிருந்தது எனக்கு அப்போது தெரியாது. பிள்ளை பிறந்த வீடென்று ஊரில் அங்கிளுடைய வாசலிலும் இலை கட்டியிருந்தார்களாம். அங்கே வந்த இராணுவம் இலையைக் கண்டும் நிற்கவில்லை.