அக்கா படத்தின் கண்கள்

பிள்ளைகளே, நம் வீட்டு நடுச்சுவரில் மாதா படத்துக்குக் கீழே இருக்கிற உங்கள் பெரிய அக்காவின் படத்தைப் பற்றி நான் ஒருநாளும் உங்களிடம் பேசியதில்லை. நீங்கள் கேட்டபோதெல்லாம் எழுந்து வெளியே போயிருக்கிறேன். வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, பொறுத்துக்கொள்ளுங்கள்.

யுத்த காலத்தில் நான் அரியலூரில் போட்டோ பிடிப்பவனாக இருந்தேன். கடை கிடையாது, முதலாளி கிடையாது. போட்டோப் பெட்டியையும் அதை நிறுத்தும் முக்காலியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு, கூப்பிட்ட ஊருக்குப் போவேன். முதலாளி இல்லாதவனுக்குக் கூப்பிடுகிறவர்கள் எல்லாருமே முதலாளிகள்தான். மாப்பிள்ளையைவிடப் பெண் உயரமாகத் தெரிகிறாள் என்று ஒரு வீட்டில் சண்டை. "என் நெறத்த எங்கய்யா கொண்டுபோயி வித்த?" என்று இன்னொருவர் கேட்டார். எல்லாருக்கும் சரிங்க, சரிங்க என்றே சொல்லிப் பழகியிருந்தேன்.

பெரும்பாலும் சாவு வீட்டுக்குத்தான் கூப்பிடுவார்கள். உயிரோடு இருக்கையில் படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயந்தவர்கள், இறந்த பிறகு ஆள் அனுப்புவார்கள். உடலைக் குளிப்பாட்டி நாற்காலியில் உட்காரவைத்து, சாயாமல் துணியால் கட்டி வைத்திருப்பார்கள். மூடிய கண்ணை நான் பிற்பாடு படத்தின்மேல் மையால் திறந்து வைக்கவேண்டும்.

சிறுவாச்சூரில் ஒரு கடலை வியாபாரி. அவர் தாயாரை அப்படித்தான் எடுத்தேன். கண் வரைந்து கொண்டுபோய்க் கொடுத்ததும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஆளு எங்க ஆத்தாதான். கண்ணு யாரோடதுங்க?"

மாற்றி வரைந்தேன்.

"இது போலீஸ்காரன் கண்ணுங்க. எங்க ஆத்தா ஒரு கோழியக்கூட இப்படி மொறச்சதில்ல."

மூன்றாவதும் பிடிக்காமல், பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய பஸ் ஏறி அரியலூருக்கே வந்துவிட்டார். படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"செத்தவங்க கண்ணு எல்லாருக்கும் ஒண்ணுபோலத்தாங்க இருக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. "செந்துறையில எங்க சின்னாத்தா இருக்காங்க. அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கும் ஒரே கண்ணு. அத எடுத்து இதுல வச்சுக் குடுத்துடுங்க. அப்பறம் ஒங்கள தொந்தரவு பண்ணமாட்டேன்" என்றார்.

படம் விழுவது கண்ணாடித் தகட்டில். யுத்தத்தால் தகடு திருச்சியிலேயே கிடைக்காத நேரம். என்னிடம் ஒன்றுதான் இருந்தது. அதை உங்கள் அக்காவுக்கென்று துணியில் சுற்றி வைத்திருந்தேன். அடுத்த ஞாயிறு அவளுக்குப் புதுநன்மை. கோயிலில் முதல்தடவை நற்கருணை வாங்கும் நாள். வெள்ளைக் கவுன் தைத்து, தலைக்குப் பூமுடியும் செய்தாகிவிட்டது. எட்டு வயது. ஊரையெல்லாம் படம் பிடித்தவன் வீட்டில் அவள் படம் ஒன்றுகூட இல்லை.

"தகடு இல்லீங்க" என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். அவர் எழுந்து போனால் போதும் என்றிருந்தது எனக்கு. திருச்சியில் தெரிந்த கடைக்காரரிடம் ஒரு பெட்டி தகடு வாங்கித் தருவதாகவும் சொன்னார். மறுநாள் அந்தத் தகட்டோடு செந்துறைக்கு மிதித்தேன். முகம் இரண்டும் ஒரே அளவில் விழவேண்டும் என்று, முதலில் வைத்த தூரத்தையே கயிறு போட்டு அளந்து அந்தக் கிழவியை எடுத்தேன். அந்தப் படத்தின் கண்களை வெட்டி அவர் ஆத்தா படத்தில் ஒட்டி, ஓரத்தை மையால் மறைத்துக் கொடுத்தேன். அவர் பார்த்தார். "ஆத்தா" என்று ஒரே ஒரு வார்த்தை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்ததும், நான் வழக்கமாக ஆட்களை நிறுத்தும் சுவரோரம் உங்கள் அக்கா தானாகவே போய் நின்றாள்.

"பெட்டிய எங்கப்பா?"

"தகடு வரட்டும் கண்ணு."

"செந்துறைக் கெழவிக்கு மட்டும் வந்துச்சாக்கும்" என்று சிரித்தாள்.

அடுத்த மாதம் அவளுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் வியாபாரி சொன்னபடியே வந்தார். ஒரு டஜன் தகடு. தகட்டுப் பெட்டியைப் பாயிலிருந்தே பார்த்துவிட்டாள்.

"இப்ப எடுங்கப்பா. கவுன் கசங்காமத்தான் மடிச்சு வச்சிருக்கேன்."

"காய்ச்சல் விடட்டும்மா. மூஞ்சி வாடிக் கெடக்கு, படம் நல்லா விழாது."

நல்ல படம் வேண்டும் எனக்கு. அவள் கண் திறந்துதான் இருந்தது. என்னைத்தான் பார்த்தது. மறுநாள் மத்தியானம் போய்விட்டாள்.

உங்கள் அம்மா அழவில்லை. "எடுங்க. ஊருக்கெல்லாம் எடுத்தீங்கள்ல" என்றாள். அந்தக் கவுனைப் போட்டு நாற்காலியில் உட்காரவைத்து, என் துண்டாலேயே கட்டினேன்.

அதன்பிறகு கண் வரைந்தேன். உங்கள் அம்மா பார்த்துவிட்டு, "இது எம்புள்ள கண்ணு இல்ல" என்றாள். திரும்ப வரைந்தேன். திரும்பவும் அதையே சொன்னாள். எத்தனை முறை என்று எண்ணவில்லை. செத்தவர்கள் கண் எல்லாருக்கும் ஒன்றுபோல இருக்கும் என்று சொன்ன வாய் இது.

சின்னவளே, இனி உனக்கு. அப்போது உனக்கு ஐந்து வயது. அக்காவுக்கும் உனக்கும் கண் ஒன்று. முகந்தான் உனக்குச் சிறிது. பெட்டியை ஒரு சாண் முன்னால் தள்ளி வைத்து உன்னை முக்காலியின் முன் நிறுத்தினேன். நீ அக்காவைக் கேட்டு அழுதாய். "அழாத, கண்ணு கலங்குது" என்று அதட்டினேன். சுவரில் அக்கா படத்தில் இருப்பது உன் கண்.

அம்மா அதன்பிறகு குறை சொல்லவில்லை. அந்தப் படத்தையும் நிமிர்ந்து பார்த்ததில்லை, உன் முகத்தையும் நேராகப் பார்த்துப் பேசியதில்லை. உன்மேல் ஏதோ கோபம் என்றுதானே இத்தனை நாளும் நினைத்திருக்கிறாய்? கோபம் இல்லையம்மா.

உன்னை எடுத்த படத்தில் கண்ணை மட்டும் வெட்டிக்கொண்டேன். உனக்கென்று ஒரு படம் இன்றுவரை நான் எடுக்கவில்லை. பெட்டியைத் துடைத்து வைத்திருக்கிறேன். இதைப் படித்ததும் வந்து சுவரோரம் நில். முகம் எப்படி இருந்தாலும் சரி.