சித்தி குடித்த தண்ணீர்

என் சித்தப்பா ஆபிரிக்காவில் கக்கூசு கட்டுகிறார் என்று பள்ளிக்கூடத்தில் நான் பெருமையடித்துத் திரிந்த காலம் ஒன்று இருந்தது. அப்பாவுக்கு அந்தப் பெருமை கிடையாது. மாதா கோயில் ஆட்களோடு மலாவிக்குப் போன தம்பி, ஒரு கிராமத்துக்குக் கிணறும் மலசலகூடமும் கட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவார் என்று பார்த்தால், அந்த ஊர்ப் பெண்ணையே கலியாணம் செய்து படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினார். அன்றோடு அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். சித்தப்பாவும் சித்தியும் நாங்கள் இருக்கும் லண்டனுக்கே வந்து லூயிஷாமில் குடியேறிய பிறகும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அம்மாதான் விடவில்லை. "உங்களுக்கு இருக்கிறது ஒரே ஒரு தம்பி. அவனும் வேண்டாமெண்டால் பிறகு ஆரோட கதைக்கப் போறியள்?" என்று அரித்தெடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு எங்களைக் காரில் ஏற்றிவிட்டார். டூட்டிங்கில் எங்கள் வீட்டுப் பக்கத்திலிருந்து லூயிஷாம் வரை அப்பா ரேடியோச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே வந்தார்.

சித்தப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்பாவின் கோட்டை வாங்கிக் கதிரையில் போட்டார், பிறகு எடுத்து மாட்டினார். அண்ணன் இன்றைக்குக் கோபித்துக்கொண்டு எழுந்து போனால் இனி ஒருபோதும் வரமாட்டார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மேசையில் சோளமாக் களியும் ஆட்டிறைச்சியும் ஆவி பறக்க இருந்தன. எனக்கு இறைச்சியில்தான் கண்.

அப்போது சித்தி தோளில் மடித்த துவாயும் ஒரு கையில் மூக்கு வைத்த தண்ணீர்க் கூசாவும் மறு கையில் பேசினுமாக வந்து, அப்பாவுக்கு முன்னால் முழந்தாளிட்டார். எங்கள் வீட்டில் முழந்தாள் என்றால் அது கோயிலில் மட்டுந்தான். அப்பா பதறிப்போனார். பெரியவர்களுக்கு முதலில் செம்பில் தண்ணீர் கொடுக்கும் வீட்டில் வளர்ந்தவர் அல்லவா, சட்டென்று அந்தக் கூசாவை வாங்கி, அண்ணாந்து, வாயில் படாமல் மடக் மடக்கென்று குடித்தார். தண்ணீர் இளஞ்சூடாக இருந்திருக்க வேண்டும். முகம் ஒரு மாதிரி கோணியது.

சித்தப்பா வாயைத் திறந்தார். சித்தி அவரை ஒரு பார்வை பார்த்தார். சித்தப்பா வாயை மூடிக்கொண்டார்.

சித்தி கூசாவை வாங்கி, தானும் அப்பாவைப் போலவே அண்ணாந்து குடித்தார். பழக்கமில்லாததால் பாதித் தண்ணீர் கழுத்தில் வழிந்து சட்டை நனைந்தது. அடுத்தது என் முறை என்று நினைத்து நானும் கேட்டு வாங்கிக் குடித்தேன். அதன் பிறகு சித்தி துவாயை விரித்தார். உள்ளே புதுச் சவர்க்காரம் இருந்தது.

"அண்ணை, கை தாங்கோ," என்றார், ஒவ்வொரு சொல்லாக.

அப்பா சவர்க்காரத்தைப் பார்த்தார். பேசினைப் பார்த்தார். சித்தியின் நனைந்த சட்டையைப் பார்த்தார். கையை நீட்டிக் கழுவினார். பிறகு கூசாவை வாங்கி, "நீங்கள் முதல் எழும்புங்கோ பிள்ளை," என்று சித்தியை எழுப்பி, அவருடைய கைகளுக்குத் தானே தண்ணீர் ஊற்றினார். சித்தப்பா யன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினார். அவருக்குத் தடிமன் என்று நான் நினைத்தேன்.

திரும்பி வரும்போது அப்பா அம்மாவிடம், "அடுத்த கிழமை அவையளை எங்கட வீட்டை வரச் சொல்லும்," என்றார்.

மறுநாள் வகுப்பில், மலாவியில் சாப்பாட்டுக்கு முதல் எல்லோரும் கொஞ்சம் சுடுதண்ணீர் குடிப்பார்கள் என்று அடித்துச் சொன்னேன், நானே குடித்தவனாயிற்றே. அந்த ஊரில் எல்லோரும் ஒரே பாத்திரத்தில் கை தோய்த்து, பிள்ளைகள் வயிற்றோட்டத்தில் கிடந்த நாட்களில், தண்ணீரை ஊற்றித்தான் கை கழுவ வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் கொடுத்தவர் சித்தி என்பது எனக்கு அப்போது தெரியாது. அந்தத் தண்ணீர் எதற்கென்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அன்று அந்த வீட்டில் ஒருவரும் இல்லை.