மீனைக் கவ்விப் போன ஆலாக்கள்

இன்று மாலை உயிரோடு குளச்சலில் இறங்கினேன். சேலையில் உப்புநீர் காய்வதற்குள் உங்களுக்கெல்லாம் எழுதிவிடுகிறேன்.

கொழும்பிலிருந்து பாய்மரத் தோணியில் வந்தேன். முந்தாநாள் அடித்த காற்றில் திசைகாட்டி விழுந்து உடைந்தது. அதன்பின் மழைமூட்டம், சூரியனையே காணவில்லை. இன்று காலை ஆளுக்கு அரைச் சிரட்டைத் தண்ணீர்தான் கிடைத்தது.

வாந்தியெடுத்து ஓய்ந்து, தோணியின் விளிம்பைப் பிடித்தபடி கடற்பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை ஆலாக்கள் மீனைப் பிடித்தும் விழுங்கவில்லை. அலகில் கவ்வியபடி எல்லாம் ஒரே பக்கமாகப் பறந்தன.

தோணியை நடத்தும் தண்டல் மீரானிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"நல்லா பாத்தியளா டீச்சரம்மா? ஒண்ணுகூட முழுங்கல்லியா?"

"ஒண்ணும் முழுங்கல்ல."

அவரும் நின்று பார்த்தார். "அப்பம் குஞ்சுக்குத்தான் கொண்டு போவுது. அங்க கரை உண்டு. லேய் மக்கா, பாயைத் திருப்புங்கலே!"

"பறவைய நம்பியா போறது?" என்றார் ஒரு கப்பலாள்.

"வேற யாரைலே நம்பச் சொல்லுத?"

பிற்பகல் மூட்டம் விலகியபோது முட்டம் கலங்கரை விளக்கம் நேரெதிரே நின்றது. ஆண்கள் அழுதார்கள். நான் அழவில்லை என்று சொன்னால் கர்த்தர் மன்னிக்கமாட்டார்.

தம் பசியைப் பொறுத்துக் குஞ்சுக்கு மீன் சுமந்த அந்தப் பறவைகளுக்கும், வாந்தியெடுத்த பயணியின் பேச்சைக் காதில் வாங்கிய தண்டலுக்கும் என் நன்றி.

இனி மீனையே தொடக்கூடாது, அது அந்தப் பறவைகளின் பங்கு என்று கடலில் வைத்தே முடிவெடுத்தேன். கரையில் நெய்மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? உண்மையை எழுதுங்கள்.