மிஞ்சிப்போன புது போல்ட்

என் அக்கா வீட்டுக்காரர் மெக்கானிக். வேலையில் கில்லாடி, வாயும் கொஞ்சம் நீளம். எதையும் தூக்கிப்போட மட்டும் அந்த மனிதருக்கு மனசே வராது. கழற்றிய சாமானை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, தேய்த்து, பளபளவென்று ஆக்கிவிட்டுத்தான் சாப்பிடவே போவார். கேட்டால், என்றைக்காவது உதவும் என்பார். அந்த உதவியால்தான் நான் வயிறெரிந்தேன்.

என் டாக்ஸி கொதித்து நின்றுவிட்டது. இன்ஜினின் மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் போய்விட்டது. அந்த வண்டி ஓடினால்தான் என் வீட்டில் அடுப்பு எரியும். மறுநாள் மலைமேல் ஒரு சவாரி வேறு ஒப்புக்கொண்டிருந்தேன். கேஸ்கட்டை மாற்றும்போது இன்ஜினின் ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்களையும் மாற்ற வேண்டும். ஒருமுறை முறுக்கிய போல்ட் இழுபட்டு நீண்டுவிடும், மறுபடி பிடிப்பு நிற்காது. இதைச் சொல்லி என்னைக் கடைக்குத் துரத்தியவரே மாமாதான். வாங்கிவந்து கொடுத்தேன். மகராசன் பழையதையும் கழுவித் துடைத்து, புதிது இருந்த அதே தட்டில் போட்டுவிட்டார்.

வேலை முடிந்ததும், தட்டில் மிஞ்சியவற்றை வரிசையாக நிறுத்திப் பார்த்தேன். எல்லாம் ஒரே உயரம். ஒன்று மட்டும் மயிரிழை குட்டை.

“மாமா, இது புதுசு. அப்போ பழசு ஒண்ணு உள்ள போயிருக்கு.”

குனிந்து பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. ஒத்துக்கொள்கிற ஆளா அவர்?

“ஒண்ணுதானே மாப்ள. அதெல்லாம் தாங்கும். நீ தைரியமா மலைக்குப் போ.”

டீ கொண்டுவந்த அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். டம்ளர்களைக் கீழே வைத்தாள். கார் கதவைத் திறந்து முன்சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்தாள்.

“தாங்கும்னு இவரே சொல்லிட்டாருல்ல. எடுடா வண்டிய, மலை வரைக்கும் போய்ட்டு வருவோம். நானும் வெளிய போய் எவ்வளவு நாளாச்சு.”

நான் சாவியைப் போட்டேன். மாமா பானெட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

“நீ இறங்கு.”

“ஏன், தாங்காதா?”

“இறங்குன்னா இறங்கேன்.”

அவள் அசையவில்லை. மனிதர் பானெட்டைத் திறந்து, போட்ட போல்ட்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். இனி கேஸ்கட்டிலிருந்து எல்லாமே மறுபடி புதிதாக வேண்டும். சவாரியை வேறொருவருக்குக் கைமாற்றிவிட்டேன். வண்டி பிழைத்ததில் நிம்மதிதான். ஆனாலும் மனசு ஆறவில்லை.

“அப்போ நான் மட்டும் போனா பரவாயில்லையா மாமா?”

“வழியில நின்னா நீ தள்ளுவ,” என்றார், தலையை நிமிர்த்தாமல். “அவளுக்கு முட்டிவலி.”