வடக்குத் தீவை வாங்கலாமா?

அனிதாவுக்கு நாற்பத்தொரு வயது. அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டரில் மார்க்கர் போடுகிற வேலை. கை, முதுகு, கழுத்துப்பட்டை என்று ஓர் உடுப்பின் துண்டுகளையெல்லாம் துணியின் அகலத்துக்குள் இண்டு இடுக்கு விடாமல் அடுக்க வேண்டும். அதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று கட்டிங் மாஸ்டரே சொல்வார். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தங்கை ஓசூரில் குடும்பமாக இருக்கிறாள். அனிதாவுக்கு வந்த வரன்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போய், பிறகு வருவதே நின்றுபோயிற்று. மாடியில் ஓர் அறையும் சமையலறையும் அவளுக்கு. கீழே வீட்டுக்கார அம்மா மயிலாள்.

கம்பெனியில் பழைய கம்ப்யூட்டர்களை மாற்றியபோது ஒன்றை அனிதா விலைக்கு எடுத்து வந்தாள். வீட்டிலும் வேலை பார்க்கலாம் என்றுதான் எடுத்தாள். ஊரடங்கு முடிந்த வருடம், ஆர்டர் இல்லாமல் கம்பெனி படுத்துக் கிடந்த நாட்களில், பொழுது போகாமல் அதில் ஒரு விளையாட்டை இறக்கினாள். கடலுக்கு நடுவே ஒரு தீவு. மீன் பிடிக்கலாம், குடிசை போடலாம், படகு கட்டலாம். இணையத்தில் நாலு பேர் சேர்ந்தும் ஆடலாம்.

அங்கேதான் யுவனும் அக்ஷராவும் கிடைத்தார்கள். யுவன் உடுமலைப்பேட்டைக்காரன், காற்றாலைகளில் ஏறிப் பழுது பார்க்கிறவன். அக்ஷரா வெள்ளகோவில் பெண், படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். இரண்டு பேரும் அனிதாவுக்குப் பதினைந்து வயதாவது இளையவர்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு அனிதா ஹெட்போனை மாட்டினால் ஒன்பது மணி வரை மூன்று பேரும் தீவில்தான். காற்றாலை உச்சியில் காற்று எப்படி அறையும் என்று யுவன் சொல்வான். தன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எத்தனை பஜ்ஜி தின்றார்கள் என்று அக்ஷரா சொல்லிச் சிரிப்பாள். இப்படியே நாலு வருடம் ஓடிவிட்டது. ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. பஸ் ஏறினால் ஒன்றரை, இரண்டு மணி நேரத் தூரம்தான். ஆனால் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

போன ஐப்பசியில் விளையாட்டுக்கு ஒரு புதுப் பகுதி வந்தது. வடக்குத் தீவு என்று பெயர். பனிமலை, வெந்நீர் ஊற்று, இதுவரை பார்க்காத மீன்கள். தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். விலையும் விளையாட்டின் முழு விலைக்குக் கிட்டத்தட்ட வந்தது.

"பாத்தீங்களாக்கா? நானும் அக்ஷராவும் வெள்ளிக்கெழம வாங்கிரலாம்னு இருக்கறமுங்க. நீங்க?" என்று யுவன் கேட்டான்.

"தெரியலீங் தம்பி. பத்து மணி நேரத்துல முடிஞ்சு போகுதுன்னு எழுதியிருக்கறாங்க. அத்தன காசு குடுக்கற அளவுக்கு இருக்குதான்னு பாக்கோணும்."

பார்க்கவும் செய்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் விமர்சனங்களைப் படித்தாள். அருமை என்றான் ஒருவன். பழைய சட்டைக்குப் புதுப் பித்தான் வைத்து விற்கிறார்கள் என்றான் இன்னொருவன். வியாழக்கிழமைக்குள் நாற்பது ஐம்பது படித்துவிட்டாள். வாங்க முடியாத விலை அல்ல. இந்தப் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே தன் துணை வேண்டுமா, இல்லை வயதில் பெரியவளாயிற்றே என்று மரியாதைக்குக் கூப்பிடுகிறார்களா என்பதுதான் அவளை அரித்தது. அது எந்த விமர்சனத்திலும் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொன்னாள். "எனக்கு வேண்டாங்க. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

நீங்க இல்லாம எப்படிங்கக்கா, வாங்கித்தான் ஆகணும் என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாள்.

"செரிங்கக்கா, ஒண்ணும் பரவால்லீங்க" என்றாள் அக்ஷரா. யுவனும் அதையே சொன்னான்.

அடுத்த நாளிலிருந்து பழைய தீவில் அவள் மட்டும். இருவர் பெயருக்குப் பக்கத்திலும் பச்சைப் புள்ளி எரிந்தது. வடக்குத் தீவில் இருக்கிறார்கள் என்று திரை காட்டியது. அனிதா வேலியைப் பழுது பார்த்தாள். அக்ஷரா நட்டு வைத்த பூசணிக்குத் தண்ணீர் ஊற்றினாள். பத்து நாளில் அதுவும் சலித்து, கம்ப்யூட்டரைத் திறப்பதையே விட்டுவிட்டாள். ஏழு மணிக்குச் சோறு, எட்டு மணிக்குப் படுக்கை. படுத்தாலும் தூக்கம் வரவில்லை.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது மயிலாள் வாசலில் நின்றார்.

"ஏனுங் அனிதா, ஊருக்கு எங்காச்சும் போயிருந்தீங்களா?"

"இல்லீங்களே. இங்கதானுங்க இருக்கறேன்."

"மேல பேச்சு சிரிப்புன்னு கேட்டுட்டே இருக்கும். ஒரு மாசமா சத்தமே காணோம். ஊடு பூட்டிக் கெடக்குதாட்ட இருந்துச்சுங்க."

அனிதா சிரித்து வைத்துவிட்டு மாடி ஏறினாள். சேலையைக்கூட மாற்றவில்லை. கம்ப்யூட்டரைப் போட்டு வடக்குத் தீவை வாங்கினாள். அது கம்ப்யூட்டரில் இறங்கி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

படகு கரை தட்டியபோது பனி கொட்டிக்கொண்டிருந்தது. அழகாகத்தான் இருந்தது. பெயர்களைப் பார்த்தாள். பச்சைப் புள்ளி ஒன்றும் இல்லை. கரையில் யுவனும் அக்ஷராவும் போட்டிருந்த குடிசை இருந்தது. அடுப்பு அணைந்து கிடந்தது.

'வாங்கிட்டேன் தம்பி' என்று யுவனுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். புதன்கிழமைதான் பதில் வந்தது. அன்று சாயங்காலம் அவனே தீவுக்கு வந்தான்.

"அக்கா! நாங்க இத அப்பவே முடிச்சிட்டமுங்க. அக்ஷராவுக்குத் தை மாசம் கல்யாணம். அவ வர்றதே இல்ல. எனக்குக் குஜராத்துல வேல. அடுத்த வாரம் கெளம்பறேன்."

"அப்படிங்களா. சந்தோசமுங்க."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பனியில் நடந்தார்கள்.

"நீங்க எங்க மேல கோவமோன்னு நெனச்சமுங்கக்கா. வேண்டாம்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டீங்க. பெரியவங்கள மறுபடியும் கேட்டா நல்லா இருக்காதுன்னு அக்ஷரா சொன்னா."

"கேட்டிருந்தா வந்திருப்பேன் தம்பி" என்றாள் அனிதா.

அரை மணி நேரத்தில் வெந்நீர் ஊற்றையும் மலைப்பாதையையும் காட்டிவிட்டு, "வாங்குனதுக்குப் பரவால்லீங்களா?" என்று கேட்டான்.

"நல்லாத்தான் இருக்குது. ஆளில்லாம கொஞ்சம் குளுருது, அவ்வளவுதான்."

அவன் சிரித்துவிட்டு விடைபெற்றான். அதற்குப் பிறகு அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியவே இல்லை.

தை மாதம் அக்ஷராவின் பத்திரிகை போனில் வந்தது. அனிதா அரைநாள் லீவு சொல்லிவிட்டு வெள்ளகோவிலுக்குப் பஸ் ஏறினாள். மண்டபத்தில் அவளுக்குத் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. மணமக்களுக்கு வாழ்த்துச் சொல்ல வரிசையில் நின்று மேடை ஏறினாள். மணப்பெண் அவளைப் பார்த்து, வந்தவர்களுக்கெல்லாம் காட்டிய அதே சிரிப்பைக் காட்டினாள்.

"நல்லா இருக்கோணும் கண்ணு" என்றாள் அனிதா.

குரலைக் கேட்டதும் அக்ஷராவின் கண்கள் விரிந்தன. "அக்கா... நீங்களா?" என்று அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளையிடம் ஏதோ சொல்லத் திரும்பினாள். அதற்குள் போட்டோக்காரர் எல்லாரையும் நேராகப் பார்க்கச் சொன்னார். பின்னால் நின்றவர்கள் நகர்ந்து வந்தார்கள். அனிதா மறுபக்கப் படியில் இறங்கினாள்.

பந்தியில் இரண்டு குடும்பங்களுக்கு நடுவே ஓர் இடம் இருந்தது. அங்கே உட்கார்ந்து சாப்பிட்டாள். பிறகு மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க நிறுத்தத்துக்கு நடந்தாள்.