பதினேழாம் எண் வண்டி

கதிர்காமநாதனுக்கு ஐம்பத்தெட்டு வயது. விக்டோரியா மாநிலத்தில், நோபல் பார்க்கில் வீடு. தண்டெனோங்கில் ஒரு சிறிய தனியார் அருங்காட்சியகத்தில் பாரம் தூக்கி இறக்கும் வேலை. கிளிநொச்சியில் உழவு இயந்திரம் ஓட்டிய கைகள் அவை. ஒரு சக்கரத்தைப் பார்த்தாலே அது எந்தப் பக்கம் உருளப் பார்க்கிறது என்று சொல்லிவிடுவார்.

அப்பேர்ப்பட்ட மனிதரைத்தான் அந்த வண்டி ஏமாற்றியது.

விக்டோரியாவின் வடகிழக்கு மலைகளில், வெள்ளைக்காரர் ஆட்சியில் வெட்டிய வெள்ளீயச் சுரங்கம் ஒன்றிலிருந்து அருங்காட்சியகத்துக்குப் பழைய சாமான்கள் வந்திருந்தன. கம்பி வடத்தில் தொங்கிய வாளிகள், வடம் சுற்றும் பெரிய உருளை, தண்டவாளத் துண்டுகள், கல் ஏற்றும் இரும்பு வண்டி ஒன்று. வண்டியின் பக்கவாட்டில் 17 என்று பொறித்திருந்தது. கூடவே வந்த பழைய குறிப்பேட்டில் அந்த எண்ணுக்கு நேரே இரண்டு பெயர்களும் இரண்டு சிலுவைகளும் இருந்தன.

மண்டபத்தில் சரிவாகத் தண்டவாளம் போட்டு, உச்சியில் அந்த வண்டியை ஏற்றி, பாதிக்குக் கல் நிரப்பி, முன்சக்கரங்களின் கீழ் மரக்கட்டைகளை அடைகொடுத்திருந்தார்கள். சரிவின் அடியில் குந்தியிருந்து தடுப்புச் சட்டத்தைப் பூட்டிக்கொண்டிருந்தான் நஸ்மி. மூதூர்க்காரன், அவரோடு வேலை செய்பவன். அவனுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது.

அருங்காட்சியகத்துக்கு எந்த வாகனம் வந்தாலும், முதல் ஓட்டத்துக்கு முன் சக்கரத்தின் கீழ் எலுமிச்சை வைத்து நசுக்காமல் கதிர்காமநாதன் விடமாட்டார். அன்றும் பையிலிருந்து இரண்டு பழங்களை எடுத்தார்.

"கதிரண்ணன், இந்தக் கிழட்டு வண்டிக்குமா தேசிக்காய்?" கீழேயிருந்து கத்தினான் நஸ்மி.

"ரெண்டு பேரைத் திண்ட வண்டியடா. இதுக்குத்தான் கட்டாயம் வைக்கோணும்."

"அப்ப எனக்கும் ஒண்டு தாங்க, பிழிஞ்சு குடிக்கிறன்."

"வாயை மூடிக்கொண்டு ஆணியை இறுக்கு."

நஸ்மி சிரித்துக்கொண்டே காதுக்கவசத்தை மாட்டி, ஆணி இறுக்கும் இயந்திரத்தை முடுக்கினான்.

பழம் வைக்க வேண்டிய இடத்தில் கட்டை இருந்தது. கதிர்காமநாதன் வண்டியின் பிரேக்கை இழுத்து மாட்டினார். பிரேக்கின் மரத்துண்டு சக்கரத்தை அழுத்திப் பிடித்தது. வண்டியை உலுக்கிப் பார்த்தார். அசையவில்லை. இரண்டு கட்டைகளையும் தட்டி எடுத்தார்.

நஸ்மியை மேலே கூப்பிட ஒரு நிமிடம் போதும். அவர் கூப்பிடவில்லை. சாமி காரியத்தை இடையில் நிறுத்தக் கூடாது என்று நினைத்தார்.

பழங்களை வைத்து நிமிர்ந்தபோது மெல்லிய முனகல் ஒன்று கேட்டது. நூறு வருடத்துக்கு மேல் காய்ந்துபோன அந்த மரத்துண்டு உள்ளுக்குள் பொடிந்துகொண்டிருந்தது. யாரும் தள்ளவில்லை. இடது பக்கப் பழம் நசுங்கியது. பிறகு வலது.

"நஸ்மி! விலகடா! நஸ்மி!"

அவனுக்குக் கேட்கவில்லை. கதிர்காமநாதன் வண்டியின் பின்விளிம்பைப் பற்றினார். அது அவரையும் இழுத்துக்கொண்டு இறங்கியது. கடைசிக் கணத்தில் தண்டவாளம் அதிர்வதை உணர்ந்து நஸ்மி பாய்ந்தான். உடல் தப்பியது. இடது கால் தப்பவில்லை.

மாலை, மருத்துவமனை. இடது காலை எடுத்துவிட்டோம், உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். கைகளில் கட்டுப்போட்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்த கதிர்காமநாதனிடம் நஸ்மியின் மனைவி மிஸ்னா பிள்ளையோடு வந்தாள்.

"அண்ணன், நீங்கதான் வண்டியப் பிடிச்சு இழுத்தீங்களாம். இல்லாட்டி இவர் மௌத்தாகியிருப்பாராம்." அழுதபடி பிள்ளையை அவர் மடியில் வைத்தாள். "இதுக்கு வாப்பா மிஞ்சினது உங்களாலதான்."

பிள்ளையின் இளஞ்சூடு அவர் மடியைச் சுட்டது.

"தங்கச்சி, கட்டையை எடுத்தது நான்தான்."

"என்ன கட்டை?"

"வண்டி உருளாமல் வைச்ச கட்டை. தேசிக்காய் வைக்க எடுத்தனான். அவன் கீழ நிக்கேக்க."

மிஸ்னா அவரையே பார்த்தாள். பிறகு குனிந்து, அவர் கை படாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனாள். கதவு பாதி திறந்தே கிடந்தது.

"கதிரண்ணன் எங்க?" மயக்கம் தெளியாத குரலில் நஸ்மி கேட்பது கேட்டது. "அவருக்கு ஒண்டுமில்லையே? வரச் சொல்லு."

மிஸ்னாவின் குரல் வந்தது.

"அவர் வீட்ட போயிட்டார்."

கதிர்காமநாதன் எழுந்தார். சத்தமில்லாமல் வெளியே நடந்தார்.