பேணிச் சத்தம்

அக்கா சம்பூரிலிருந்து என்னிடம் வந்து சேர்ந்தபோது அவள் கையில் ஒரு துணிப்பையும் ஒரு பிளாஸ்ரிக் கூடையும் இருந்தன. பையில் இரண்டு சேலையும் அடையாள அட்டையும். கூடைக்குள் பழைய துணியால் மூடி, உள்ளங்கை அளவில் ஒரு பூனைக்குட்டி. செல் குண்டு விழத் தொடங்கி ஊரே ஓடும்போது இவள் குனிந்து அடுப்புக்கரையில் கிடந்த குட்டியைத் தூக்கியிருக்கிறாள். தாய்ப்பூனை எங்கே போனதென்று தெரியாதாம்.

"தோட்டைத் தூக்கியிருக்கலாம், காணி உறுதியைத் தூக்கியிருக்கலாம். பூனையையோ தூக்கிக்கொண்டு வந்தனீங்கள்?" என்று வந்த அன்றே ஏசினேன். என் வாய் அப்படித்தான்.

"அதுதானே கத்தினது," என்றாள்.

அத்தான் காலமாகிச் சில வருடங்களாகிவிட்டன. பிள்ளைகள் இல்லை. வீடும் வயலும் போய்விட்டன. மிஞ்சியது அந்தக் குட்டிதான். அதற்கு ஏதாவது நடந்தால் அக்கா பிறகு தேறமாட்டாள் என்று நான் நிச்சயமாக நம்பினேன்.

அப்போது நான் துறைமுக நகரத்தில், ஓர்ஸ் ஹில் பகுதியில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தேன். நகரத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை. எங்கள் ஒழுங்கை துறைமுகப் பக்கம் இறங்கும் வளைவில் இராணுவத்தின் காவல் சென்றி ஒன்று இருந்தது. மண்மூட்டைகளை அடுக்கி, மேலே தகரம் போட்டு, சுற்றிவர முட்கம்பிச் சுருள் விரித்திருந்தார்கள். கம்பி நெடுக வெறும் தகரப் பேணிகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். டின்மீன் பேணி, பால்மாப் பேணி, எல்லாம். யாராவது கம்பியில் முட்டினால் பேணிகள் சத்தம் போடும். சத்தம் கேட்டால் சுடுவார்கள். ஒருநாள் பட்டப்பகலில் ஒரு நாய் அந்தக் கம்பிக்குள் நுழைந்துவிட்டது. இரண்டு வெடி கேட்டது. அந்த நாயை எடுக்க ஒருவரும் போகவில்லை. காகங்கள்தான் போயின.

அக்காவின் அடையாள அட்டையில் இயக்கத்தின் பிடியில் இருந்த சம்பூரின் விலாசம் இருந்தது. அந்த விலாசத்தோடு நகரத்தில் நடமாடுவது எப்படிப்பட்ட விஷயம் என்று அந்த நாட்களில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கே இருந்தாய், யாரோடு வந்தாய், ஏன் வந்தாய் என்று தொடங்கினால் கேள்வி எங்கே போய் முடியுமென்று தெரியாது. ஆகவே அக்கா வாசற்படி தாண்டுவதில்லை. உடுப்புக் காயப்போடுவதும் நான்தான். அவள் வெளியே போகாததால் பூனையும் போகவில்லை. குட்டி வளர்ந்து பெரிய பூனையாகியும் மண்ணை மிதித்ததில்லை. சீமெந்து நிலமும் கதிரைக்காலும் அலுமாரியின் அடிப்பக்கமும்தான் அதன் உலகம். துறைமுகத் தண்ணீருக்குள் இயக்கத்துச் சுழியோடிகள் நீந்தி வராமல் கடற்படை அடிக்கடி வெடி போடும். யன்னல் கண்ணாடி அதிரும். பூனை அலுமாரிக்குக் கீழே ஓடும். அக்கா எங்கும் ஓடமாட்டாள், அப்படியே சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பாள்.

கொஞ்சக் காலத்தில் பூனைக்கு ஏதோ வந்துவிட்டது. நாள் முழுக்க வயிற்றை நக்கி நக்கி மயிரெல்லாம் கொட்டி, தோல் சிவந்து தெரிந்தது. சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகும். பிறகு குசினிக் கதவை விறாண்டிக்கொண்டு அழும். அக்கா அதன் பின்னாலேயே அறைக்கும் குசினிக்கும் நடந்தாள். "பூனை சும்மா இருக்குது, நீங்கள்தான் குட்டி போட்ட பூனை மாதிரித் திரியிறியள்," என்று பகிடி விட்டேன். அவள் சிரிக்கவில்லை.

அலுவலகத்தில் என்னோடு வேலை செய்த கிண்ணியா ஊர்ப் பெண் ஒருவரிடம் சொன்னேன். அவர் வீட்டில் எப்போதும் ஏழெட்டுப் பூனைகள் இருக்கும்.

"அடச்சு வச்சா அது நோய்தான், புள்ள," என்றார். "வெளிய விடுங்க. ஆனா ஒடனே விடாதீங்க. மொதல்ல ஒரு சத்தம் பழக்குங்க. சாப்பாடு வைக்கக்குள்ள எல்லாம் அதே சத்தம். பொறகு பசியோட விடுங்க. வயிறு நெறஞ்ச பூன கூப்பிட்டா வராது."

என்ன சத்தம் என்று நாங்கள் யோசிக்கவேயில்லை. குசினியில் ஒரு வெறும் டின்மீன் பேணி கிடந்தது. அக்கா அதைக் கையில் எடுத்துக் கரண்டியால் மூன்று தரம் தட்டினாள். பிறகு மீனை வைத்தாள். நாளடைவில் பூனை எங்கே கிடந்தாலும் அந்த மூன்று தட்டுக்குப் பறந்து வந்தது. எங்களுக்குப் பெரிய சந்தோசம். படித்த இரண்டு பெண்கள், கம்பி நிறையப் பேணி கட்டிய ஒழுங்கையில் இருந்துகொண்டு, பேணிச் சத்தம் கேட்டால் சாப்பாடு என்று ஒரு பூனைக்குப் பழக்கிக்கொண்டிருந்தோம்.

முதல்முறை பின்கதவைத் திறந்தபோது பூனை வாசலில் நின்று மண்ணை முகர்ந்தது. ஒரு காலை வைத்தது, எடுத்தது. பிறகு கிணற்றடிவரை போனது. நான் கிணற்றடியில் நின்றேன். அக்கா படிக்கு உள்ளே நின்று, அது வாலை ஆட்டுவதைக்கூடப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காகம் கத்தியதும் அவளுடைய கை பேணிக்குப் போய்விட்டது. மூன்று தட்டு. பூனை ஓடி வந்தது. கதவைச் சாத்தியபின் இரண்டு பேரும் சிரித்தோம். அக்கா வந்தபின் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அதற்குப் பிறகு பின்னேரங்களில், நான் வேலையால் வந்ததும், சாப்பாட்டுக்கு முன் கொஞ்ச நேரம் விட்டோம். வயிற்றில் மயிர் முளைக்கத் தொடங்கியது.

கச்சான் காற்று தொடங்கும்வரை ஒரு குறையும் இல்லை. அன்று பின்னேரம் காற்று திடீரென்று பெயர்ந்து முருங்கை மரத்தை வளைத்து ஆட்டியது. பூனை கிணற்றுக்கட்டில் இருந்தது. வளைவில் இருந்த பேணிகள் ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் போட்டன. இத்தனை நாளும் நாங்கள் கேட்டும் கேளாததுபோல இருந்த சத்தம்தான் அது. பூனை காதை நிமிர்த்தியது. பிறகு மதிலில் பாய்ந்து, ஒழுங்கையில் குதித்து, வாலைத் தூக்கிக்கொண்டு நேரே சென்றிப் பக்கம் ஓடியது. பசியோடு இருந்த பூனை. சாப்பிடக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் போகிறது.

படலையடிக்கு ஓடினேன். பூனை கம்பிச் சுருளுக்குள் தலையை விட்டுவிட்டது. மேலே தொங்கிய ஒரு பேணியை முன்காலால் தட்டிப் பார்த்தது. அது ஆட, பக்கத்துப் பேணியும் ஆடியது. மண்மூட்டைக்கு மேலே ஒரு தொப்பி நிமிர்ந்தது. பிறகு துவக்கின் வாய்.

கூப்பிட வேண்டும். என்னவென்று கூப்பிடுவது? தமிழில் கத்தினால் அவன் பதறிவிடுவான். பூனைக்குச் சிங்களத்தில் என்ன சொல்லென்று எனக்கு நன்றாகத் தெரியும், அலுவலகத்தில் சிங்களவர்களோடு கதைத்துப் பழகியவள் நான். அந்தச் சொல் வாயில் வரவில்லை. நாயை எடுக்க வந்த காகங்கள்தான் கண்ணுக்குள் நின்றன.

யாரோ என்னைத் தோளில் இடித்துக்கொண்டு போனார்கள். அக்கா. செருப்பில்லாமல், வீட்டுக்குள் கட்டியிருந்த பழைய சேலையோடு, ஒரு கையில் பேணியும் மறுகையில் கரண்டியுமாக ஒழுங்கையின் நடுவில் போய் நின்றாள்.

யாரது என்று சிப்பாய் சிங்களத்தில் கத்தினான். அவளுக்கு அது விளங்காது. துவக்கு பூனையை விட்டு அவள் பக்கம் திரும்பியது. அக்கா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினாள். சோதனைச் சாவடிகளில் அப்படித் தூக்கித் தூக்கி அவளுக்குப் பழக்கம். தூக்கிய கைகளைக் கீழே இறக்காமல், தலைக்கு மேலேயே, கரண்டியால் பேணியில் தட்டினாள். முதல் தட்டுப் பிசகியது. பிறகு மூன்று.

பூனை திரும்பிப் பார்த்தது. கம்பிக்கு அடியால் நுழைந்து வெளியே வந்தது. அவசரமில்லாமல் நடந்து வந்து அவள் காலில் உரசியது.

அக்கா கைகளை இறக்கவில்லை. பின்பக்கமாகவே ஒவ்வொரு அடியாக வைத்து நடந்து வந்தாள். பூனை அவள் காலுக்குள் காலாக வந்தது. மண்மூட்டைக்கு மேலே இப்போது முகம் தெரிந்தது. மீசை சரியாக முளைக்காத பெடியன். அவனும் பயந்து போயிருந்தான் என்று இப்போது சொல்லலாம். அப்போது எனக்குத் துவக்கு மட்டும்தான் தெரிந்தது.

அன்றிலிருந்து பின்கதவைப் பூட்டிவிட்டோம். பூனை அழுதாலும் திறப்பதில்லை என்று முடிவெடுத்தோம். ஆனால் பயம் குறையவில்லை, கூடியது. இந்த வீட்டில் இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று இனி அவர்களுக்குத் தெரியும். ஒழுங்கையில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் அக்கா அறைக்குள் போய்விடுவாள். நான் அவளுடைய அடையாள அட்டையை அரிசிப் பானைக்குள் வைத்தேன், பிறகு அதுதான் பிழையாகப் போகுமோ என்று வெளியே எடுத்தேன். ஒருவரும் வரவில்லை.

ஒரு பின்னேரம் அந்தச் சத்தம் கேட்டது. காற்று இல்லை, முருங்கை இலை அசையவில்லை. வளைவிலிருந்து பேணியில் மூன்று தட்டு. கொஞ்சம் விட்டு மறுபடி மூன்று தட்டு. அக்கா தட்டுவது போலவே.

பூனை கதவடிக்குப் பாய்ந்து கத்தியது. நாங்கள் இருவரும் ஆளையாள் பார்த்தோம்.

"பூனையைத்தான் கூப்பிடுறான்போல," என்றாள் அக்கா மெதுவாக.

"பூனையையோ, உங்களையோ? வெளியில வரட்டும், ஆர் எண்டு பாப்பம் எண்டு தட்டுறானோ, ஆர் கண்டது?"

அவள் பூனையை மடியில் தூக்கி வைத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் அதன் காதுகளைப் பொத்திக்கொண்டாள். நான் எழுந்து வானொலியின் சத்தத்தைக் கூட்டினேன், கூட்டினால் வீட்டில் ஆள் இருப்பது தெரியுமே என்று பயந்து மறுபடி குறைத்தேன். மறுநாளும் தட்டினான். அதற்கு மறுநாளும். வேலையால் வரும்போது ஒருநாள் தலையைத் திருப்பாமல் கடைக்கண்ணால் பார்த்தேன். கம்பிக்கு வெளியே, வழியோரமாக ஒரு பேணி மூடியில் சோறும் மீனும் வைத்திருந்தது. அதை அக்காவிடம் சொன்னேன். "நஞ்சு வைச்சாலும் வைப்பாங்கள்," என்றும் சேர்த்துச் சொன்னேன். ஆனால் பின்னேரமானால் அவள் முதலே கதிரையில் போய் இருந்து, பூனையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தச் சத்தத்துக்காகக் காத்திருப்பதைக் கண்டேன்.

பிறகு ஒருநாள் மத்தியானம் துறைமுக வீதிப் பக்கம் பெரிய வெடி கேட்டது. தண்ணீருக்குள் போடும் வெடியில்லை. அலுவலகத்தைப் பூட்டினார்கள், வீதிகளை மறித்தார்கள், எப்படியோ சுற்றி வீடு வந்து சேர்ந்தேன். வளைவைப் பார்க்கத் துணிவு வரவில்லை. அன்று பின்னேரம் பூனை தன் நேரத்துக்குக் கதவடியில் போய் இருந்தது. ஒரு சத்தமும் வரவில்லை.

"இண்டைக்குத் தட்டேல்லை," என்றாள் அக்கா.

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது. "தட்டாட்டி நல்லதுதானே. உங்களுக்கென்ன வந்தது? வீடு வாசலை விட்டிட்டு ஓடிவந்தது மறந்து போச்சோ?"

"மறக்கேல்லை. தட்டேல்லை எண்டுதான் சொன்னனான்."

மறுநாள் போகும்போது பார்த்தேன். சென்றியில் வேறொருவன் நின்றான், வயதானவன். பேணி மூடியைக் காணவில்லை. வீட்டுக்கு வந்து, "ஆளை மாத்தியிருப்பாங்கள் அக்கா. அடிக்கடி மாத்துறவங்கள்தானே," என்றேன். அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். யாரிடமும் கேட்க ஏலாது. கேட்டால் உனக்கேன் என்பார்கள்.

"ஓம்," என்றாள்.

அன்று பின்னேரம் அவள் பூனைக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தபோது கச்சான் மறுபடி வீசியது. வளைவில் பேணிகள் சத்தம் போட்டன. பூனை தலையை நிமிர்த்தியது. அக்காவின் கையும் கோப்பைக்குள் அப்படியே நின்றது. இருவரும் ஒரே பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்கள்.

"காத்துத்தான்," என்று அக்கா பூனையிடம் சொன்னாள்.